வெள்ளம் நின்ற மட்டம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

காஞ்சி என்றால் பட்டு என்பார்கள், கோயில் என்பார்கள். வெள்ளம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எங்கள் ஊரின் இரண்டு பெரிய தலபுராணங்களும் வெள்ளத்தைப் பற்றியவைதாம். கம்பையாற்றில் வெள்ளம் பெருகி வந்தபோது, தான் மணலால் பிடித்து வைத்த இலிங்கம் கரைந்துவிடுமே என்று அஞ்சி அம்மை அதை ஆரத் தழுவிக் காத்தாள் என்பது ஏகாம்பரநாதர் கோயில் கதை. பிரமனின் வேள்வியை அழிக்கச் சரசுவதி வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள். திருமால் அவளுக்குக் குறுக்கே படுத்து அணையாகிவிட்டார் என்பது திருவெஃகாவின் கதை. இரண்டையும் எனக்குச் சொன்னவள் ஆயா.

"நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் ஆயா யாரும் குறுக்கே படுக்கல?" என்று நான் அவளைக் கேட்டது 2015ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு. அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஆயா பதில் சொல்லவில்லை. அவள் கால் வலியில் இருந்தாள்.

எங்கள் வீடு வேகவதிக்கு அருகில், நெசவாளர்கள் நெருங்கி வாழும் ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா தறி நெய்கிறார். அம்மா பாவு பிணைக்கிறாள். தாத்தாவும் அவருடைய தந்தையும் தறிக்குழியில் கால்விட்டு வாழ்ந்தவர்களே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின் நானும் ஓராண்டு தறியில் இருந்தேன். அதனால்தான் வகுப்பில் மற்றவர்களைவிட எனக்கு ஒரு வயது கூடுதல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'முதல் பட்டதாரி' என்ற சான்றிதழை வாங்க அப்பா எத்தனை நாள் வேலையை விட்டு அலைந்தார் என்பது தனிக் கதை.

குழித்தறியைப் பார்க்காத நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நெய்பவர் தரையில் அமர்ந்து, மிதிகளை மிதிக்கக் கால்களைக் குழிக்குள் விட்டிருப்பார். வீட்டிலேயே மிகத் தாழ்ந்த இடம் அந்தக் குழிதான். ஆகையால் தெருவில் வெள்ளம் வருமுன்னே எங்களுக்குச் சேதி வந்துவிடும். முதலில் குழியில் ஈரம் கசியும். பிறகு ஊற்றுப்போல் நீர் ஏறும். அன்றிரவும் அப்படித்தான் ஏறியது. ஒரு முகூர்த்தச் சேலை பாதி நெய்திருந்தது. பாவு நனைந்தால் எல்லாம் போய்விடும் என்று அப்பா விளக்கைப் பிடிக்கச் சொல்லி, பாவை அறுத்து, நெய்ததையும் நெய்யாததையும் சுருட்டித் தலைமேல் வைத்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். நள்ளிரவில் பள்ளியின் கீழ் வகுப்பறைகளிலும் தண்ணீர் வந்துவிட்டது. மாடியில் இருந்தவை இரண்டே அறைகள். கிழவர்களும் குழந்தைகளும் உள்ளே, மற்றவர்கள் படிக்கட்டில். விடிந்த பிறகு ஒரு செவிலியர் அக்கா இடுப்பளவு நீரில், தலையில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் மருந்துகளோடு வந்தார். எங்கள் பகுதிச் சிறு மருத்துவமனை பள்ளியைவிடப் பள்ளத்தில் இருந்தது. குளிர்ப்பெட்டி நின்றுவிட்டதாம். தடுப்பூசிகள் எல்லாம் வீண். பஞ்சும் துணிக்கட்டும் நனைந்துபோயின. கையில் கிடைத்ததைக் கொண்டுவந்திருந்தார்.

ஆயாவுக்குச் சர்க்கரை நோய். இருட்டில் வெள்ளத்தில் நடந்து வந்தபோது எதுவோ வலது காலைக் கிழித்திருந்தது. மருத்துவமனையில் சேறு வாரி, கழுவி, மறுபடி திறக்க ஒன்பது நாள் ஆயிற்று. பின்னர் செங்கல்பட்டில் அவளுடைய கால் விரல்கள் இரண்டை எடுத்துவிட்டார்கள். மருத்துவமனை திறந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று என்னால் சொல்ல இயலாது. புண்ணுக்கு முறையாக மருந்து கட்ட ஒன்பது நாள் ஆயிற்று என்பது மட்டும் தெரியும்.

தண்ணீர் வடிந்ததும் சுவரில் அது நின்ற இடத்தில் அப்பா ஒரு கரிக்கோடு போட்டார். எங்கள் தரையிலிருந்து சரியாக ஒரு முழம். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார்.

இவ்வளவையும் சொன்னது என் சொந்தக் கதையை அளப்பதற்காக அல்ல. சென்ற ஆண்டு எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளிப் புதியதோர் அரசு மருத்துவமனைக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார்கள். எங்களுக்கெல்லாம் அளவிலா மகிழ்ச்சி. அதே வாரத்தில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பேரிடர் பற்றிப் பேசும்படி பேராசிரியர் ஒருவர் என்னைப் பணித்தார். பேச்சுக்குச் செய்தி தேடி நூலகத்துக் கணினி முன் உட்கார்ந்தேன். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008 ஜனவரியில் வெளியிட்ட வெள்ள மேலாண்மை வழிகாட்டு நெறிகள் அதில் கிடைத்தன. வெள்ளம் பாயும் சமவெளியில் எதை, எந்த உயரத்தில் கட்டலாம் என்று அதில் மூன்று வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் வகுப்பில் வருபவை மருத்துவமனை, மின் நிலையம், குடிநீர் நிலையம், தொலைபேசி நிலையம், விமான நிலையம், இரயில் நிலையம் போன்றவை. இவை நூறு ஆண்டுக்கொரு முறை வரக்கூடிய வெள்ளத்தின் மட்டத்திற்கோ, அவ்விடத்தில் இதுவரை கண்ட மிக உயர்ந்த வெள்ள மட்டத்திற்கோ மேலே இருக்க வேண்டும். ஆறு பெருகாமல் மழைநீரே வடியாமல் தேங்கினாலும், ஐம்பது ஆண்டு மழைக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் வருபவை அரசு அலுவலகம், பொது நிறுவனம், பல்கலைக்கழகம், நூலகம், குடியிருப்பு. இவற்றுக்கு இருபத்தைந்து ஆண்டு வெள்ளம் அல்லது பத்து ஆண்டு மழை போதும். ஆபத்தான பகுதியானால் தூண்களின் மேல் கட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பு பூங்காவும் விளையாட்டுத் திடலும். அவை நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிடலாம். நாம் படிக்கும் இடம் இரண்டாம் வகுப்பு என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டுகிறேன்!

'நூறு ஆண்டு வெள்ளம்' என்ற பெயர் ஆளை ஏமாற்றும் பெயர். ஒன்று வந்துவிட்டால் இனி நூறு ஆண்டு நிம்மதி என்று நினைக்கத் தோன்றுகிறது. அதன் உண்மைப் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே. துணைப்பாடக் கணிதத்தில் படித்த நிகழ்தகவை இங்கே வைத்துப் பார்த்தேன். ஒரு கட்டடம் 50 ஆண்டு நிற்கும் என்றால், வெள்ளம் வராமலே தப்பும் வாய்ப்பு 0.99ஐ ஐம்பது முறை பெருக்கினால் கிடைப்பது, ஏறக்குறைய 0.605. ஆக, அது வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டு வெள்ளத்திற்கு இதே கணக்கைப் போட்டால் 87 விழுக்காடு! நாம் பட்டம் பெறும் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே 11 விழுக்காட்டுக்கு மேல். அமெரிக்காவில் 1977இல் வந்த ஓர் ஆணையை ஒட்டி, மருத்துவமனை போன்ற இன்றியமையாத கட்டடங்களுக்கு 500 ஆண்டு வெள்ளத்தையே அளவுகோலாகக் கொண்டார்கள். அவர்கள் பணக்காரர்கள், செய்வார்கள் என்று எண்ணலாம். நம் ஊரிலும் செய்திருக்கிறார்கள். வரதராசப் பெருமாள் அத்திகிரியின் மேல், 24 படிகள் ஏறித் தரிசிக்கும் உயரத்தில் நிற்கிறார். விதிப்படி முதல் வகுப்பு!

கோயிலை மட்டும் சொல்வானேன்? பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் கோயிலைச் சார்ந்து ஓர் ஆதுலர் சாலை இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பதினைந்து படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், பணிப்பெண்கள் என்று ஆட்கள். மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் ஒரு மருத்துவமனை! மழைக்காலத்தில் அந்தப் பதினைந்து பேரும் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். உத்திரமேரூரில் அதற்கும் முன்பே ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே தனியாக ஒரு குழு வைத்திருந்தார்கள். நீரோடு வாழத் தெரிந்த ஊர்கள்தாம் இவை.

இனி அண்மைக் காலம். 2015 டிசம்பர் முதல் நாள், எங்கள் மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி ஓடுதளம் அமைத்திருந்த சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அந்த ஆற்றங்கரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. அங்கிருந்த நோயாளிகளில் 18 பேர் இறந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடியில் அரசு மருத்துவமனைக்குள் வெள்ளம்; திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குள் வெள்ளம். பாளையங்கோட்டையில் அரசு மருத்துவமனை இருக்கும் பகுதிக்கு ஹைகிரவுண்டு என்று பெயர். மேட்டு நிலத்தைத் தேடி மருத்துவமனைக்குக் கொடுத்த அந்த அதிகாரி யாரோ, அவர் வாழ்க!

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புதுக் கட்டடத்தின் தரை, அப்பா போட்ட கோட்டுக்கு மேலா, கீழா? அதைப் பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது இப்படித்தானே? நீர் நிரம்பிய குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது நாம் முதலாண்டில் படித்த பாடம். ஐம்பது அடி ஒளி புகும் குழாய் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்தேன். உள்ளே குமிழி இல்லாமல் நீர் நிரப்புவதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு முனையை அப்பா வீட்டுக் கோட்டில் பிடிக்க, மறுமுனையைத் தம்பி தெரு விளக்குக் கம்பத்தில் பிடித்தான். கம்பத்தில் கரிக்கோடு. அங்கிருந்து எதிர்வீட்டுத் திண்ணை. திண்ணையிலிருந்து மாரியம்மன் கோயில் சுவர். "என்னம்மா, காவாய்க்கு அளவெடுக்கிறீங்களா?" என்று கேட்டவர்களுக்கு அப்பா, "பொண்ணு காலேஜுல படிக்குது" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அது பதிலா, பெருமையா என்று எனக்குப் புரியவில்லை. ஐந்து தாவலில் கட்டடத்தை அடைந்துவிட்டோம். ஓடுகிற ஆற்றில் இப்படி மட்டம் கொண்டுபோக முடியாது, நீர்மட்டம் சரிந்திருக்கும். எங்கள் சந்துகளில் வெள்ளம் ஓடவில்லை, நின்றது. அதனால் இந்த அளவு ஏற்கத்தக்கதே.

தூண்களில் தரை வரப்போகும் இடத்தை மேஸ்திரி சிவப்புப் பென்சிலால் குறித்திருந்தார். எங்கள் மட்டம் அதற்கு மேலே வந்தது. ஒரு சாணும் நான்கு விரலும் மேலே, ஏறக்குறைய ஓரடி.

மேஸ்திரி குழாயை வாங்கித் தானே இரண்டு முறை வைத்துப் பார்த்தார். "கணக்கு சரிதாம்மா. ஆனா எனக்குக் கொடுத்த மட்டம் இது. நீ சார்கிட்ட சொல்லு" என்றார்.

பொறியாளர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், கேட்டார். "நீங்க சொல்றது நூறு ஆண்டு வெள்ளம். அது வழிகாட்டு நெறி. எனக்கு விதின்னு இருக்கிறது, சுற்றியுள்ள தரையிலிருந்து பீடம் 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நான் அதைப் போட்டிருக்கேன்" என்றார். தேசியக் கட்டட நெறித் தொகுப்பு சொல்வதும் அதுதான். அதைக் கேட்டதும் எனக்குக் குழப்பம் தெளிந்துவிட்டது. அந்த 45 சென்டிமீட்டரை அளப்பது தரையிலிருந்து; வெள்ளத்திலிருந்து அல்ல! பள்ளத்தில் கட்டினாலும் 45, மேட்டில் கட்டினாலும் 45. பள்ளத்துக் கட்டடம் விதியை முழுக்கக் கடைப்பிடித்துக்கொண்டே மூழ்கலாம்.

அவர் சொன்ன இன்னொன்றுக்கு என்னிடம் விடை இல்லை. தரையை ஓரடி உயர்த்தினால் வாசலில் சாய்தளத்தைப் பன்னிரண்டு அடி நீட்ட வேண்டும். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு மேல் போனால் சக்கர நாற்காலியை ஏற்ற முடியாது. "அந்த இடம் மனையில எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு ஆயாவின் கால் நினைவுக்கு வந்தது. சாய்தளம் இல்லாவிட்டால் அவளால் ஏற முடியாது. உயரம் இல்லாவிட்டால் வேண்டிய நாளில் அந்தக் கதவு திறக்காது.

"வேற இடம் காட்டுங்க, கட்டித் தர்றோம்" என்றும் சொன்னார். நியாயமான பேச்சு. மேட்டு நிலத்தில் கோயிலும் கடைத்தெருவும் பழைய வீடுகளும் எப்போதோ அமர்ந்துவிட்டன. அரசின் கையில் எஞ்சியிருப்பது புறம்போக்கு. புறம்போக்கு என்றால் ஏரி ஓரம், ஆற்று ஓரம், வாய்க்கால் ஓரம். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளைக்கே உலகனேரிக் கண்மாயில்தான் இடம் கிடைத்தது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. வேகவதிக் கரைக் குடும்பங்களுக்குக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். ஆனால் வெள்ளம் எவ்வளவு தூரம் பரவும் என்று முன்கூட்டியே வரைந்து, இந்த எல்லைக்குள் இன்னது கூடாது என்று சொல்லும் சட்டம் வேறு. அதற்கு மத்திய அரசு 1975இலேயே ஒரு மாதிரி வரைவை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. மணிப்பூர் 1978இலும் ராஜஸ்தான் 1990இலும் சட்டமாக்கின. பின்னர் உத்தராகண்ட் போன்ற ஓரிரு மாநிலங்கள். அந்தப் பட்டியலில் நம் மாநிலத்தின் பெயரைக் காணாமல் வருந்தினேன்.

அந்த வழிகாட்டு நெறியோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அது கட்டடத்தை வகுப்புப் பிரிப்பது, மற்ற நாட்களில் அங்கே என்ன நடக்கிறது என்பதை வைத்து. பள்ளிக்கூடம் பொது நிறுவனம். ஆகவே இரண்டாம் வகுப்பு. ஆனால் வெள்ள நாளில் பள்ளிக்கூடத்தில் பாடமா நடக்கிறது? ஊரே அங்கேதான் படுத்துக் கிடக்கிறது. அன்றிரவு எங்களுக்கு அதைவிடப் பெரிய மருத்துவமனையோ தொலைபேசி நிலையமோ இல்லை. மக்கள் ஓடி ஒளியும் கட்டடத்திற்கு ஏன் இருபத்தைந்து ஆண்டு வெள்ளம்? வங்கதேசத்துக் கடற்கரையில் பல பள்ளிகளைத் தூண்களின் மேல் கட்டியிருக்கிறார்கள். கீழே வெற்றிடம், மேலே வகுப்பறை. புயல் வந்தால் அதுவே புகலிடம். கடற்கரைக்குத் தோன்றிய யோசனை ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் தோன்றலாகாதா?

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். தெருக்காரர்கள் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இருவர் மறுத்துவிட்டார்கள், "இதைச் சொன்னா கட்டடமே வராம போயிடும்" என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தை நான் குறைகூற மாட்டேன். எனக்கும் அது இருந்தது. மனுவுக்கு ரசீது கிடைத்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தபோது அதைப் பார்க்கப் பாலத்தின்மேல் ஊரே திரண்டு நின்றது நினைவிருக்கிறது. அன்று இந்த மனுவைக் கொடுத்திருந்தால் முந்நூறு கையெழுத்து கிடைத்திருக்கும்.

தரை உயரவில்லை. மட்டம் மட்டமாகவே இருக்கிறது. ஆனால் தை மாதத்தில் ஒரு நாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மின் பலகைகளையும் பிளக்குகளையும் நெஞ்சு உயரத்தில் வைத்திருந்தார்கள். மருந்தறையில் குளிர்ப்பெட்டிக்கு மூன்றடி உயரத்தில் சிமெண்டு மேடை ஒன்று கட்டியிருந்தார்கள். "சார் வாயாலதான் சொன்னார், எழுத்துல ஒண்ணும் இல்ல" என்றார் மேஸ்திரி. வெளிச் சுவரில் நம் கோட்டைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "போடேன்" என்று அவரே பென்சிலை நீட்டினார். கோடு போட்டு, அருகில் '2015 நவம்பர்' என்று எழுதினேன்.

இரண்டு வாரத்தில் வெள்ளையடித்துவிட்டார்கள். கோட்டின் மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அதே இடத்தில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று நீல எழுத்தில் எழுதியும் இருக்கிறார்கள். திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை. மாரியம்மன் கோயில் சுவரில் எங்கள் கரிக்கோடு அழியாமல் இருக்கிறது. கோயிலிலிருந்து கட்டடத்திற்கு ஒரே தாவல்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் குழாயைச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை பெயிண்டு வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.